கோல்ட் புளூயிங் பண்ணா இரும்பு மேல உண்மையில என்ன நடக்குது?

துரு புடிச்ச ஒரு ஸ்பேனரோ, லேத் டூல் ஹோல்டரோ, இழைப்புளியோட ஸ்க்ரூவோ எடுத்து நல்லா சுத்தம் பண்ணி வெறும் இரும்பா பளபளன்னு ஆக்கினதும் அடுத்த பிரச்சனை வந்துடும், இதை இப்படியே விட்டா மறுபடி துரு ஏறிடுமே. பெயின்ட் அடிச்சா மரை அடைச்சுக்கும், அளவு மாறிடும், நகர்ற பாகமா இருந்தா ரெண்டு நாள்ல உரிஞ்சு வரும். இந்த இடத்துலதான் எல்லாரும் கோல்ட் (cold, அதாவது சூடு இல்லாத) புளூ பாட்டில் பக்கம் போறாங்க. துணியில தொட்டு தேய்ச்சா சில செகண்ட்ல இரும்பு கறுத்துடுது, அடுப்பு வேணாம், தொட்டி வேணாம், வீட்டு மேஜையிலயே முடிஞ்சுடுது. ஆனா கொஞ்ச நாள் கழிச்சு அதே ஆளுங்க "எல்லாம் தேய்ஞ்சு போச்சு, உள்ள துருவும் வந்துடுச்சு"ன்னு சொல்றதும் சகஜம். பெரும்பாலும் இதுல பாட்டிலைக் குறை சொல்ல ஒண்ணும் இல்ல. அந்தக் கறுப்பு என்ன பொருள், எது அதைப் புடிச்சு வெச்சிருக்கு, அது எதுக்கு ஆகும் எதுக்கு ஆகாதுன்னு தெரியாம பண்றதால வர்ற ஏமாற்றம்தான் அது.

முதல்ல நிஜமான புளூயிங்னா என்னன்னு பாத்துடலாம், அப்பதான் கோல்ட் புளூ எங்க வேறுபடுதுன்னு புரியும். இரும்பும் ஆக்ஸிஜனும் சேர்ந்தா ஒரே பொருள்தான் வரும்னு இல்ல. நாம வழக்கமா பாக்குற செம்பழுப்புத் துரு, தண்ணியும் சேர்ந்த ஒரு ஆக்ஸைடு, பஞ்சு போல பொருபொருன்னு இருக்கும், ஈரத்தையும் காத்தையும் உள்ள விட்டுக்கிட்டே இருக்கும், அதனால அடியில இருக்குற இரும்பையும் தின்னுக்கிட்டே போகும். மேக்னடைட்னு இன்னொரு ஆக்ஸைடு இருக்கு, அது கறுப்பு, இரும்போட நல்லா ஒட்டி அடர்த்தியா உக்காரும். இரும்போட மேல்தோலையே இந்த மேக்னடைட்டா மாத்துறதுதான் புளூயிங். தொழிற்சாலையில பண்ற ஹாட் புளூயிங்ல காஸ்டிக் சோடாவும் சோடியம் நைட்ரேட்டும் கரைச்ச கெட்டியான தண்ணியை சுமார் 140 டிகிரி செல்சியஸ்ல கொதிக்க வெச்சு, அதுக்குள்ள பாகத்தை கால் மணி, அரை மணி நேரம் முக்கி வைப்பாங்க. உருவாகுற தோல் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அளவுல, அதிகம் போனா ரெண்டு ரெண்டரை மைக்ரான்தான் இருக்கும். இரும்பே ஆக்ஸைடா மாறுறதால வெளியில இருந்து ஒரு பொருளை மேல பூசின மாதிரி அளவு ஏறாது, மரை மரையாவே இருக்கும்.

இதை வீட்டுல பண்ணலாமான்னு கேட்டா, பண்ணாதீங்கன்னு தான் அழுத்திச் சொல்லுவேன். அந்தத் தொட்டியில தண்ணி ஆவியாகிப் போகப் போக கொதிநிலை ஏறிக்கிட்டே இருக்கும், அதைக் குறைக்கத் தண்ணி சேர்க்கணும், 140 டிகிரியில இருக்குற காஸ்டிக்ல தண்ணி விழுந்தா அது அந்த நொடியே ஆவியாகி வெடிச்சுத் தெறிக்கும், கண்ணுல ஒரு சொட்டு பட்டா பார்வையே போயிடும். கூடவே ஒரு அலுமினியத் துண்டு தப்பித் தவறி உள்ள போனா ஹைட்ரஜன் வாயு பொங்கும். தனி ஷெட், முகக்கவசம், ரப்பர் ஏப்ரன்னு ஏற்பாடு இருக்குறவங்களே பயந்து பயந்து பண்ற வேலை.

சூடு மட்டும் காட்டி நீலம் வரவைக்கிற முறையும் இருக்கு. சுத்தமான ஸ்டீலை மெதுவா சூடேத்தினா 220 டிகிரி வாக்குல வெளிர் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, 300 டிகிரிகிட்ட அழகான நீலம்னு வரிசையா மாறும். அது சாயம் கிடையாது, மைக்ரானில் பத்துல ஒரு பங்குக்கும் குறைவான ஆக்ஸைடு படலத்துல வெளிச்சம் பட்டுத் திரும்புறதால தெரியுற நிறம். வாட்ச் ஸ்க்ரூவும் முள்ளும் அந்த நீலத்துல மின்னுறது இப்படித்தான், பித்தளைச் சீவல் மேல வெச்சு சூடு சீராப் பரவுற மாதிரி பண்ணுவாங்க. பிரச்சனை என்னன்னா 300 டிகிரி போனா பதம் ஏத்தின, அதாவது கடினமாக்கின ஸ்டீலோட பதம் இறங்கிடும். ஸ்பிரிங்குக்கு அந்தச் சூடு ஒத்துப்போகும், வெட்டுற டூலுக்கு ஒத்துப்போகாது.

இப்ப கோல்ட் புளூ. இதுல மேக்னடைட் பேச்சே இல்ல. பெரும்பாலான பாட்டில்கள்ல இருக்குறது செலீனியஸ் ஆசிட், செம்பு உப்பு (அதாவது மயில்துத்தம் போன்றது), கூட ஏதாவது ஒரு ஆசிட். இந்தத் திரவம் சுத்தமான இரும்பு மேல பட்டதும் இரும்பு கொஞ்சம் கரைஞ்சு எலக்ட்ரானை விட்டுக் குடுக்கும், அந்த எலக்ட்ரானை வாங்கிக்கிட்டு திரவத்துல இருக்குற செம்பும் செலீனியமும் மேல வந்து படியும், ரெண்டும் சேர்ந்து காப்பர் செலீனைடுன்னு ஒரு கறுப்புப் பொருளா உக்காரும். அதாவது இரும்போட தோல் மாறல, வேற ஒரு பொருள் ரொம்ப மெல்லிசா மேல படியுது. இந்த ஒரு விஷயத்தைப் புடிச்சுக்கிட்டா மிச்ச எல்லாம் தானா விளங்கும். ஏன் கை பட்டுப் பட்டு முனையெல்லாம் வெளுக்குது? படிஞ்ச பொருள், தேய்ச்சா போகத்தான் செய்யும். ஏன் சில சமயம் செம்பு நிறம் அடிக்குது? செலீனியம் ஈடு குடுக்குறதுக்கு முன்னாடி செம்பு மட்டும் வேகமாப் படிஞ்சுடுச்சு, பழைய திரவம், அழுக்கு திரவம், இல்ல சரியா தேய்க்காம விட்டது. ஏன் ஸ்டெயின்லெஸ் மேல ஒண்ணுமே நடக்கல? அது மேல ஏற்கனவே குரோமியம் ஆக்ஸைடு தோல் இருக்கு, திரவத்தால இரும்பைத் தொடவே முடியாது. குரோமியம் நிக்கல் அதிகமா இருக்குற அலாய் ஸ்டீலும், நல்லா கடினமாக்கின மேற்பரப்பும் மெதுவா, திட்டுத் திட்டா புடிக்கும். அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் தனித் திரவங்கள் இருக்கு, இதை அதுல ஊத்தி நேரத்தை வீணாக்க வேணாம்.

அப்ப துரு பாதுகாப்பு? தனியா இந்தக் கறுப்புப் படலத்துக்கு அந்த சக்தி ரொம்பக் கம்மி. ஹாட் புளூவே எண்ணெய் இல்லாம விட்டா துரு புடிக்கும், கோல்ட் புளூ பத்தி சொல்லவே வேணாம். இந்தப் படலங்கள் எல்லாத்துலயும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும், அதுல எண்ணெய் ஊறி நின்னு அந்த எண்ணெய்தான் ஈரத்தைத் தடுக்குது. பாலிஷ் பண்ணின வெறும் இரும்பைவிட இந்தப் படலம் எண்ணெயை நல்லா புடிச்சு வெச்சுக்கும், அந்த வகையில உதவி உண்மைதான்.

வேலையில பாதிக்கு மேல, என்னைக் கேட்டா முக்கால்வாசி, சுத்தம் பண்றதுலதான் இருக்கு. பழைய புளூ, துரு, எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. லேசான துருவுக்கு வினிகர்ல ஊற வைக்கிறது போதும், ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பக்கம் போகாதீங்க, அதோட புகை அறையில இருக்குற மத்த டூல் எல்லாத்துலயும் துரு ஏத்தும், கடினமாக்கின ஸ்டீலுக்குள்ள ஹைட்ரஜன் புகுந்து ஸ்பிரிங், ஸ்க்ரூ மாதிரி பாகங்கள் ஒரு நாள் பட்டுன்னு உடையவும் கூடும். பாஸ்பாரிக் ஆசிட் இருக்குற ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவை மாத்துற திரவம்) யூஸ் பண்ணினா அது விட்டுட்டுப் போற பாஸ்பேட் படலத்தை முழுசா தேய்ச்சு எடுத்தாகணும், இல்லன்னா புளூ கீழ இறங்காது. அப்புறம் எமரி ஷீட், 320ல இருந்து 400 நம்பர் வரைக்கும் போனா போதும். கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணினா அழகா இருக்கும்னு நெனச்சு மேல மேல போறவங்க இருக்காங்க, ஆனா அவ்வளவு வழுவழுப்பான பரப்புல படலம் மெல்லிசா, சீக்கிரம் வழிஞ்சு போற மாதிரிதான் புடிக்கும். கொஞ்சம் மேட் ஃபினிஷ்ல இருக்குற பாகம்தான் நல்ல ஆழமான கறுப்பு எடுக்கும்.

கிரீஸ் எடுக்குறது அடுத்த கட்டம், இங்கதான் நிறைய பேருக்கு சறுக்குது. அசிட்டோன் தொட்டு ஒரு தடவை தொடைச்சா முடிஞ்சதுன்னு நெனைக்கிறோம், ஆனா அசிட்டோன் கிரீஸைக் கரைச்சு பரப்பிட்டு தான் மட்டும் ஆவியாகிப் போயிடும், துணி அழுக்கா இருந்தா மெல்லிசா ஒரு எண்ணெய்ப் படலம் அப்படியே நிக்கும். அதனால புதுத் துணி மாத்தி மாத்தி அசிட்டோன், அதுக்கப்புறம் சுடுதண்ணியில டிடர்ஜென்ட் போட்டு பிரஷ்ஷால தேய்ச்சு நல்லா அலசணும். சுத்தமாச்சான்னு தெரிய ஒரே வழி தண்ணிதான், பாகத்தை நனைச்சுத் தூக்கினா தண்ணி முத்து முத்தா பிரியாம ஒரே விரிப்பா பரவி நிக்கணும். பிரிஞ்சுதுன்னா அந்த இடத்துல எண்ணெய் இருக்கு, மறுபடி கழுவணும். மரைக்குள்ளயும் துளைக்குள்ளயும் ஒளிஞ்சிருக்குற எண்ணெய் சூடு பட்டதும் வெளிய வரும், வார்ப்பிரும்பா இருந்தா அதோட நுண்துளையில இருந்தும் கசியும், அதனால முன்னாடியே ஒரு தடவை சூடாக்கி வர்றதைத் துடைச்சுடுறது நல்லது. இதுக்கு மேல வெறும் கையால தொடவே கூடாது, விரல் ரேகை அப்படியே வெள்ளையா விழும். இன்னொண்ணு, நடுவுல தேய்க்க வாங்குற ஸ்டீல் வுல் (பஞ்சு மாதிரி மெல்லிய இரும்பு இழை) துரு புடிக்காம இருக்க எண்ணெய் பூசித்தான் வரும், அதையும் அசிட்டோன்ல அலசிக் காய வெச்சுட்டுத்தான் யூஸ் பண்ணணும். அசிட்டோன் ஆவி சட்டுன்னு தீப்புடிக்கும், அது முழுசாப் போற வரைக்கும் ஹீட் கன் பக்கத்துலயே வரக் கூடாது.

பூசுறது சின்ன வேலை. பாகத்தைக் கை தாங்குற அளவுக்கு, சுமார் 40, 50 டிகிரி, இளஞ்சூடாக்கணும், ரியாக்ஷன் சீரா நடக்கும். திரவத்தைக் கொஞ்சமா ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்ல ஊத்திக்கணும், யூஸ் பண்ணின துணியைத் திரும்ப பாட்டிலுக்குள்ள விட்டா அதுல இரும்பு கலந்து மொத்த பாட்டிலும் கெட்டுப் போகும், கப்ல மிஞ்சினதையும் திரும்ப ஊத்தக் கூடாது. ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் நிக்காம ஒரே இழுவையா பூசி, காய விடாம முப்பது செகண்ட்ல இருந்து ஒரு நிமிஷம் வரைக்கும் ஈரமா வெச்சிருந்து, பச்சைத் தண்ணியில அலசி, துடைச்சு, எண்ணெய் எடுத்த நாலு ஜீரோ (0000, ரொம்ப மெல்லிசான ரகம்) ஸ்டீல் வுல்லால பட்டும் படாம தேய்க்கணும். முதல் கோட் முடிஞ்சதும் சாம்பலும் கறுப்புமா திட்டுத் திட்டா கேவலமாத்தான் இருக்கும், கலங்க வேணாம். அந்தத் தேய்ப்புல நல்லா ஒட்டாத தூள் போயிடும், ஒட்டினது நிக்கும், அது மேல அடுத்த கோட். மூணுல இருந்து அஞ்சு கோட்டுக்குள்ள கறுப்பு ஒரு அளவுக்கு மேல ஏறாம நின்னுடும், அதுதான் எல்லை. ரொம்ப நேரம் ஊற வெச்சா ஆழமா புடிக்கும்னு நெனச்சு விட்டுட்டுப் போனா தடிமனா ஒரு கரித்தூள் மாதிரி படலம் வரும், எண்ணெய் துணியால தொட்டதும் மொத்தமும் துணிக்கு வந்துடும். நேரத்தை நீட்டுறதைவிட கோட்டை அதிகப்படுத்துறதுதான் எப்பவும் சரி. செங்குத்தான பரப்பு, ஓரம், ஸ்க்ரூ தலைன்னு சின்ன இடமா இருந்தா திரவத்தைவிட பேஸ்ட்டா வர்றது வழியாம நிக்கும்.

அடுத்த நாள் காலையில பாத்தா பாகம் முழுக்க பழுப்பா ஒரு துருப் பூ பூத்திருக்கும், கோல்ட் புளூ மேல வர்ற புகார்ல பெரும்பங்கு இதுதான். திரவத்துல இருந்த ஆசிட்டும் உப்பும் நுண்துளைக்குள்ளயும் மரைக்குள்ளயும் தங்கி, காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்கிட்டு ராத்திரி முழுக்க வேலை செஞ்சிருக்கு. அதனால கடைசி கோட் முடிஞ்சதும் ஓடுற தண்ணியில தாராளமா அலசி, சமையல் சோடா கரைச்ச தண்ணியில கொஞ்ச நேரம் வெச்சு ஆசிட்டைச் சாகடிச்சு, திரும்ப அலசி, கடைசியா நல்ல சூடான தண்ணியில முக்கி எடுக்கணும், சூடான பாகம் தானாவே சீக்கிரம் காஞ்சுடும். சூடு இருக்கும்போதே தண்ணியைத் தள்ளுற வகை எண்ணெயை நிறைய விட்டு ஒரு ராத்திரி அப்படியே வெச்சுடணும். மறுநாள் துடைக்கும்போது துணியில பழுப்பு வந்தா மறுபடி எண்ணெய், மறுபடி ஒரு ராத்திரி. துணி சுத்தமா வர்ற வரைக்கும் பொறுமையா இதைப் பண்ணினவங்க பாகம் நிக்கும், அவசரப்பட்டு டப்பாவுல போட்டு மூடினவங்க பாகம் நிக்காது. கையில அதிகம் எடுக்காத, அலமாரியில நிக்கிற பொருளா இருந்தா எண்ணெய்க்குப் பதிலா மெழுகு நல்லது, தூசியை இழுக்காது.

இனி சொல்லப் போறதை தயவுசெஞ்சு தாண்டிப் போயிடாதீங்க. செலீனியம் நம்ம உடம்புக்குத் தேவையான சத்துதான், ஆனா பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 55 மைக்ரோகிராம், 400 மைக்ரோகிராமுக்கு மேல தினமும் போகக் கூடாதுன்னு வரம்பு வெச்சிருக்காங்க, மில்லிகிராம்ல பாதி கூட இல்ல அது. பாட்டில்ல இருக்குற செலீனியஸ் ஆசிட் கடுமையான விஷம், புளூயிங் திரவத்தைக் குடிச்சு இறந்தவங்க பத்தி மருத்துவ இதழ்கள்ல பதிவுகளே இருக்கு, அதுல குழந்தைகளும் உண்டு, இதுக்குன்னு தனியா முறிமருந்தும் கிடையாது. பாட்டில் பாக்க நீலமா அழகா வேற இருக்கும். குழந்தைங்க இருக்குற வீடுன்னா பூட்டி வைங்க, குடிக்கிற தண்ணி பாட்டில்ல மாத்தி ஊத்தி வைக்கிற பழக்கமே கூடாது. நைட்ரைல் கிளவுஸ், கண்ணாடி, காத்தோட்டமான இடம், இந்த மூணும் இல்லாம ஆரம்பிக்க வேணாம். தோல் வழியாவும் உள்ள போகும். செலீனியம் அதிகமா ஏறினவங்க மூச்சுல பூண்டு வாசனை அடிக்கும், உடம்பு அதை ஆவியாகுற ஒரு சேர்மமா மாத்தி வெளிய தள்றதால வர்ற வாசனை அது. ஏற்கனவே கோல்ட் புளூ பண்ணின பாகத்துல இருந்து படலத்தை எடுக்கணும்னா உலர்ந்த நிலையில தேய்க்காம ஈரமா எமரி ஷீட்ல தேய்ங்க, தூள் மூக்குல போகக் கூடாது. கடும் ஆசிட்ல முக்குறதும் வேணாம், செலீனைடும் ஆசிட்டும் சேர்ந்தா ஹைட்ரஜன் செலீனைடுங்கிற விஷவாயு வர வழி இருக்கு.

மிச்சத் திரவத்தை சிங்க்ல ஊத்துறதும் தப்பு. அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல கெஸ்டர்சன்னு ஒரு நீர்த்தேக்கம், வயல்ல இருந்து வடிஞ்ச தண்ணி மண்ணுல இருந்த செலீனியத்தைக் கரைச்சு அங்க கொண்டு சேர்த்துச்சு, 1983ல பாத்தா அங்க இருந்த நீர்ப்பறவைகளோட குஞ்சுகள் கண்ணும் அலகும் காலும் சரியில்லாமப் பிறந்துக்கிட்டு இருந்துச்சு. நம்ம கையில இருக்குறது சின்ன கப்தான், ஆனா தண்ணிக்குள்ள போனா மீன், பறவைன்னு உணவுச் சங்கிலியில சேர்ந்துக்கிட்டே போற பொருள் இது. மிஞ்சினதை, தொடச்ச துணியோட சேர்த்து மூடி போட்ட டப்பாவுல வெச்சு, அபாயகரமான கழிவு வாங்குற இடத்துல குடுக்கணும்.

இதே காரணத்தால சாப்பாட்டுல படுற எதுலயும் கோல்ட் புளூ கூடவே கூடாது. கார்பன் ஸ்டீல் கத்திக்குக் கறுப்பு வேணும்னா இளஞ்சூடான வினிகர்ல வெச்சு எடுத்தாலே சாம்பல் நிறப் படலம் வரும், டானின் இருக்குற தேயிலைக் கஷாயமும் இரும்போட சேர்ந்து கறுப்பு குடுக்கும். ரெண்டும் ஹாட் புளூ மாதிரி உறுதி இல்ல, ஆனா கத்தியில செலீனியம் இருக்காது.

வீட்டுலயே பண்ணணும், ஆனா நிஜமாவே நிக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு நான் சொல்றது ரஸ்ட் புளூயிங். நேரம் எடுக்கும், ஆனா இதுல வர்றது அசல் மேக்னடைட். இதே மாதிரி சுத்தம் பண்ணின பாகத்துல துருவை வரவைக்கிற திரவத்தை ரொம்ப மெல்லிசா பூசி, வெதுவெதுப்பான ஈரக்காத்து இருக்குற மூடின பெட்டியில சில மணி நேரம் தொங்க விடணும். வெல்வெட் மாதிரி மெல்லிய ஆரஞ்சுத் துரு படரும். அதை அப்படியே டிஸ்டில்ட் வாட்டர்ல போட்டு கால் மணி, இருபது நிமிஷம் கொதிக்க வெச்சா ஆரஞ்சு கண்ணு முன்னாடியே கறுப்பாகும். கொதிக்கிற தண்ணியில கரைஞ்ச ஆக்ஸிஜன் ஏறக்குறைய இருக்காது, அந்தச் சூட்டுல செந்துரு மேக்னடைட்டா மாறிடுது. குழாய்த் தண்ணின்னா அதுல இருக்குற உப்பெல்லாம் புள்ளி புள்ளியா படியும், அதனாலதான் டிஸ்டில்ட். வெளிய எடுத்து, எண்ணெய் எடுத்த ஸ்டீல் வுல்லால மேல இருக்குற தளர்வான தூளைத் தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி துரு, மறுபடி கொதி. அஞ்சுல இருந்து எட்டு சுற்று போனா கறுப்பு நல்லா ஆழமா உக்காந்துடும். 100 டிகிரியைத் தாண்டாததால பதமும் இறங்காது, ஈயப்பத்து வெச்ச ஜாயின்ட்டும் கழலாது. ஹாட் புளூ தொட்டியில இருக்குற காஸ்டிக் அந்த ஈயப்பத்துல இருக்குற வெள்ளீயத்தை அரிச்சுடும், பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிகளோட குழலுக்கெல்லாம் ரஸ்ட் புளூயிங்தான் பண்ணினாங்கங்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். துரு வரவைக்க ஹைட்ரஜன் பெராக்ஸைடு, வினிகர், உப்பு கலந்து அடிக்கிறவங்க உண்டு, வேலை செய்யும், ஆனா பெராக்ஸைடும் வினிகரும் சேர்ந்தா கண்ணையும் மூக்கையும் எரிக்கிற பெர்அசிட்டிக் ஆசிட் உருவாகும், தேவையான அளவு மட்டும் அப்பப்ப கலந்து திறந்த இடத்துல யூஸ் பண்ணணும், பாட்டில்ல அடைச்சு வைக்கவே கூடாது, அழுத்தம் ஏறும்.

அப்ப கோல்ட் புளூக்கு வேலையே இல்லையான்னா நிறைய இருக்கு. நல்லா இருக்குற ஹாட் புளூல ஒரு கீறல், ஒரு ஓரம் தேய்ஞ்சது, மாத்திப் போட்ட புது ஸ்க்ரூ மட்டும் வெள்ளையாத் துருத்திக்கிட்டு நிக்கிறது, லேத்ல கடைஞ்ச சின்ன ஜிக், ஸ்கேல்ல பொறிச்ச கோட்டுக்குள்ள கறுப்பு ஏத்தி வெளிய மட்டும் தேய்ச்சு எழுத்தைத் தெளிவா காட்டுறது, இதுக்கெல்லாம் இதைவிட லேசான வழி கிடையாது. நாள் முழுக்க கையில புழங்குற டூலுக்கும், மழையில நிக்கிற பொருளுக்கும் இது ஆகாது. ரொம்பப் பழைய, அசல் ஃபினிஷ் கொஞ்சமாவது மிச்சம் இருக்குற டூல் கையில கிடைச்சா அது மேல கோல்ட் புளூ தேய்க்கிறதுக்கு முன்னாடி எண்ணெய் மட்டும் போட்டு விட்டுப் பாருங்க. சேகரிக்கிறவங்க கண்ணுக்கு அந்தத் தேய்ஞ்ச அசலுக்குத்தான் மதிப்பு, மேல கோல்ட் புளூ இருந்தா அதோட நிறத்துலயும் தனி வாசனையிலயுமே கண்டுபுடிச்சுடுவாங்க, ஒரு தடவை எமரி ஷீட் போட்டு எடுத்த அசல் தோலைத் திரும்பக் கொண்டு வரவும் முடியாது.